புகைபோக்கி ஒரு தடவைதான் விழும்

புகைபோக்கி சாயும். விழாது.

அதுவரை படம் ஒழுங்காக ஓடும். சங்கு ஊதும். பறவைகள் கலையும். அடியில் வெடிகள் வரிசையாகப் புகை கக்கும். காலங்காலமாக நின்ற செங்கல் தூண் ஒரு பக்கம் மெல்லச் சாயும். அந்த இடத்தில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மூச்சை அடக்கிக்கொள்ளும். புகைபோக்கி பாதிச் சாய்வில் அந்தரத்தில் நிற்கும். மறுபடி படம் அசையும்போது திரை முழுக்கத் தூசி. நடுவில் அது விழுந்ததை அவள் இன்னும் பார்க்கவில்லை.

நான்கு கேமராக்களில் எடுத்தது. ஆலையை இடித்த கம்பெனி, அடுத்த பெரிய வேலையைப் பிடிக்க இந்தப் படத்தைத்தான் நம்பியிருந்தது. திங்கட்கிழமை காலை அதன் முதலாளி ஸ்டுடியோவுக்கு வருவார். அவர் பார்ப்பதற்கு அவள் வெட்டித் தொகுத்த ஒரு படம் இருக்க வேண்டும்.

ஸ்டுடியோக்காரருக்கு ஒரு வழக்கம். கேமரா கார்டுகளை அவள் டிஸ்க்கில் கொட்டிய கையோடு அழித்துவிடுவார். அடுத்த நாள் வேலைக்குக் கார்டு வேண்டுமே.

"இனி உன் பொறுப்பும்மா," என்றார் இந்தத் தடவையும். "கை தவறிடுச்சு, தண்ணி பட்டுடுச்சுன்னு வந்து நிக்காதே. திரும்பக் கட்டித் திரும்ப இடிங்கன்னு நான் யார் கால்ல போய் விழறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"இது நல்லா வந்தா, இனி வர்ற பெரிய வேலையெல்லாம் உனக்குத்தான். வரலேன்னா, உனக்கே தெரியும்."

இதைச் சிரிக்காமல் சொன்னார்.

ஆக, அந்தப் புகைபோக்கி இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. உள்ளங்கை அகல டிஸ்க் ஒன்றில்.

சனிக்கிழமை காலை அவளும் கொழுந்தனும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள்.

பணம் இருவருடையது. அவளுடையது எடிட்டிங்கில் சேர்ந்தது. அவனுடையது மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்கிச் சேர்ந்தது. அவன் பங்கு கூடுதல். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அதனாலேயே அவளுக்கு அது மறக்கவில்லை. அவள் புருஷன் கப்பலில் இருந்தான். 'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க, நடுவுல என்னை இழுக்காதீங்க' என்று செய்தி அனுப்பிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டான்.

வாங்கப்போவது ஒரே மெஷின். பகலில் அவளுக்கு எடிட்டிங். சாயங்காலம் அவனுக்கு விளையாட்டு. போட்டிகளில் ஆடும் குழு ஒன்று அவனுடைய நல்ல ஆட்டங்களைத் தொகுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள். இரண்டு வருஷத்து ஆட்டங்களை அவன் தன் டிஸ்க்கில் பதிந்து வைத்திருந்தான். திங்கள் முடியட்டும், வெட்டித் தருகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. இருபக்கமும் அட்டைப்பெட்டிகள் கூரைவரை. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் கடைக்காரர்.

"என்ன வேலைக்கு?"

"கேமுக்கு."

"எடிட்டிங்குக்கு."

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"ரெண்டு மெஷினா?"

"ஒண்ணுதாண்ணே," என்றான் கொழுந்தன். கையில் இருக்கும் பணத்தைச் சொன்னான்.

கடைக்காரர் காதைச் சொறிந்தார். "இதுக்கு ஒண்ணரை ஆள் வேலை செய்யற மெஷின் வரும்."

"அந்த அரை ஆள் யாருன்னு நீங்களே அண்ணிகிட்ட சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

கடைக்காரர் சிரிக்காமல் தன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பொருளாகத் தட்டினார். அடியில் கூட்டுத்தொகை ஏறியது. அவர்களிடம் இருந்ததைத் தாண்டியது. இன்னும் ஏறியது.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். வெட்டுவது அவள் தொழில். இருந்தும் இது வேறு வெட்டு.

கேபினட் போனது. பழைய மெஷினின் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம். ப்ராசஸர் ஒரு படி இறங்கியது. மெமரியைப் பாதியாக்கக் கடைக்காரர் விரலைக் கொண்டுபோனார்.

"அதுல கை வைக்காதீங்க," என்றாள். "நாலு கேமரா சேர்ந்து ஓடணும்."

விரல் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நகர்ந்தது.

"அண்ணே, அதுக்குத்தான் ஒரு வருஷமா பெட்டி தூக்கினேன்," என்றான் கொழுந்தன். கார்டுப் பெட்டி ஏற்கெனவே மேஜைமேல் இருந்தது. அதன்மேல் அவன் கை இருந்தது.

மானிட்டர்மேல் விரல் நின்றது. "அண்ணி, வேகமான திரை இல்லேன்னா கார்டு வாங்கியே பிரயோஜனம் இல்ல. உங்களுக்கும் கலர் நல்லாத் தெரியும்." அவள் தலையாட்டினாள். கலர் என்றது நிஜந்தான்.

"அப்ப இந்த ரெண்டாவது டிஸ்க் எதுக்கு?"

"காப்பி வைக்க."

"அது இல்லாமலும் மெஷின் ஓடுமேம்மா. அடுத்த மாசம் வாங்கிக்குங்க."

அவள் கார்டுப் பெட்டிமேல் இருந்த அவன் கையைப் பார்த்தாள். பாரம் இழுத்துத் தோல் தடித்த கை.

"எடுத்துடுங்க," என்றாள்.

கடைக்காரர் தட்டினார். அப்போதும் பணம் கொஞ்சம் இடித்தது. அவர் குனிந்து, அடித்தட்டிலிருந்து, மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பவர் சப்ளை.

"உங்க பழசு இந்தக் கார்டைத் தாங்காது. இது நல்ல சரக்கு. ஒருத்தர் ஆறு மாசம் ஓட்டினது. புதுசு வாங்கினா இதைப்போல ரெண்டு மடங்கு. ஒரே குறை, டிஸ்க்குக்குப் போற கேபிளை எங்கயோ தொலைச்சுட்டார். மத்ததெல்லாம் இருக்கு. அதைத் தனியா வரவழைக்கணும். செவ்வாய் புதன் ஆகும்."

"வீட்ல இருக்குண்ணே. பழசும் இதே மாதிரி கழட்டி மாட்டற கேபிள்தான்."

"இதே கம்பெனியா?"

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் போன் அடித்தது. கொழுந்தன் மெமரிப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே பில் போட்டார்.

கேள்வி அப்படியே நின்றது. ஒரு பேச்சில் பதில் விடுபட்டால் அவள் காதுக்கு உடனே தட்டுப்படும். நாள் முழுக்க அவள் பார்ப்பதே அதைத்தான். ஆனால் அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு, பழைய மெஷினைப் பிரித்தார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு ஆபரேஷன் நடப்பதைப் பார்ப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவையும் கழட்டிட்டு, திரும்ப மாட்டத் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"போன தடவை மின்விசிறியையும் இப்படித்தான் சொன்னே."

"அது ஓடுதுல்ல?"

"ஓடுது. ஒரு திருகு மிச்சம் இருக்கு. இன்னும் என் டப்பாவுல கிடக்கு."

அவன் வேலை சுத்தமாக இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ப்ராசஸரைப் பொட்டு வைப்பதுபோல் வைத்தான். மெமரியைக் கட்டைவிரலால் அழுத்த, இருபுறமும் க்ளிக் என்றது. கார்டு இறங்கியது. பழைய பெட்டிக்குள் கறுப்பு பவர் சப்ளை ஒரு மயிரிழை இடம் விட்டுப் பொருந்தியது.

சாயங்காலம் முதல் தடவை பொத்தானை அமுக்கினார்கள். விசிறிகள் சுழன்றன. பழைய மானிட்டரில் எழுத்துகள் வந்தன. புது மானிட்டரைக் கடைசியில் பிரிக்கலாம் என்று சுவரோரம் சாத்தியிருந்தான்.

"ஓடுது!" என்று மேஜையைத் தட்டினான்.

அத்தை மடித்த துணியோடு எட்டிப் பார்த்தார். "ஒரு மிக்ஸி கேட்டேன். ஆறு மாசமாச்சு. இதுக்கு மட்டும் எங்கிருந்துதான் வழி வருதோ."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனி டிஸ்க்குகளை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. கொழுந்தன் மெஷினை நிறுத்தினான். பழைய மெஷினிலிருந்து எடுத்த கேபிளை பவர் சப்ளையின் ஓட்டையில் செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

கையை நீட்டினான். "டிஸ்க்கைக் கொடுங்க அண்ணி."

டிஸ்க் அவள் மடியில், துண்டில் சுற்றி இருந்தது. அவள் அசையவில்லை.

"தம்பி, கடைக்காரர் ஒண்ணு கேட்டார். நீ பதில் சொல்லலை."

"என்ன கேட்டார்?"

"இதே கம்பெனியான்னு."

அவன் கேபிளைப் பார்த்தான். "இல்ல. வேற கம்பெனி. அதனால என்ன? பொருந்துது பாருங்க. பொருந்தாதுன்னா உள்ளயே போகாது."

"பொருந்தினா போதுமா?"

"பின்னே எதுக்கு அதே அச்சுல செய்யறாங்க? எல்லாம் ஒண்ணுதான் அண்ணி."

"புதன்கிழமை வரைக்கும் பொறுத்தா சரியான கேபிள் வரும்னாரே."

"உங்களுக்குத் திங்கட்கிழமை வேணும்!"

அது உண்மை. நாளை ஒரு பகல்தான் இருந்தது. பழைய மெஷின் மேஜைமேல் பகுதி பகுதியாகக் கிடந்தது. திரும்பிப் போக வழியில்லை. அவள் துண்டின் முனையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கு என்னவோ சரியாப் படலை."

"என்மேல நம்பிக்கை இல்லன்னு நேரடியாச் சொல்லுங்களேன்."

"அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படி? காலையிலேர்ந்து குனிஞ்ச தலை நிமிரலை. ஒரு திருகு மிச்சம் வச்சேனா? நீங்க அந்தத் துண்டைப் பிடிச்சிருக்கறதைப் பார்த்தா, நான் என்னவோ பிடுங்கிட்டு ஓட வந்தவன் மாதிரி இருக்கு."

அத்தையின் கை மடிப்பில் நின்றது. "கொடுத்துடேம்மா," என்றார் மெதுவாக. "பாவம், அவனும் நாள் பூரா..."

அவள் மடியைப் பார்த்தாள். அந்த எடைக்குள் ஒரு முழுப் புகைபோக்கி. கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகிவிடும். அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாகத்தான். அவன் கூடுதல் பணம் போட்டவன். அதைச் சொல்லிக் காட்டாதவன். கார்டைக் குறை என்று அவளால் காலையில் கேட்க முடியவில்லை. இப்போது இதுவும் முடியாதா?

"தர மாட்டேன் தம்பி," என்றாள்.

அவன் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். உள்ளே போனான். அலமாரிக் கதவு படாரென்று திறந்தது. திரும்பி வந்தபோது கையில் அவனுடைய டிஸ்க் இருந்தது.

"உங்களுது வேணாம். பத்திரமா வச்சுக்குங்க. இதோ, என்னுது. ரெண்டு வருஷம் இதுல இருக்கு. இது ஓடினா அப்புறம் பேசுவோம்."

"வேணாம். கோபத்துல செய்யாதே."

"கோபம் இல்ல."

"தம்பி, வேணாம்னு சொல்றேன்ல!"

அவள் எழுந்து கையை நீட்டுவதற்குள் அவன் கேபிளை டிஸ்க்கில் செருகிவிட்டான். பொத்தானை அமுக்கினான்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. டிஸ்க்கிலிருந்து டப்பென்று ஒரு சத்தம், விரல் சொடுக்கினாற்போல. எல்லாம் நின்றது. டிஸ்க்கின் அடியிலிருந்து நூல்போலப் புகை எழுந்து வளைந்து போனது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

அத்தைதான் முதலில் அசைந்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்.

கொழுந்தன் கேபிளைப் பிடித்தபடி நின்றான். பிறகு ஒவ்வொரு முனையாகப் பிடுங்கினான். டிஸ்க்கைக் கையில் எடுத்தான். சுட்டிருக்க வேண்டும். கீழே வைக்கவில்லை.

அவள் டிஸ்க் அவள் மடியிலிருந்து நெஞ்சுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. துண்டோடு சேர்த்து அணைத்திருந்தாள். முதலில் தோன்றியது பயம் இல்லை. 'நல்லவேளை, என்னுது இல்லை' என்பதுதான். அந்த நினைப்பு வந்ததும் அவனைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, எந்த டிஸ்க்கும் இல்லாமல் மெஷினைப் போட்டுப் பார்த்தான். ஓடியது. அதைப் பார்த்து யாரும் மேஜையைத் தட்டவில்லை.

"சாப்பிட வா," என்றார் அத்தை.

"பசிக்கலை."

"பசிச்சா மட்டுந்தான் இந்த வீட்ல சோறு போடுவாங்களா? வாடா."

வந்து உட்கார்ந்தான். மேஜையில் இடமில்லாததால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூவரும் சாப்பிட்டார்கள். அவள் இரண்டு தடவை பேச வாயெடுத்தாள். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான். திறப்பதற்கு முன்னாலேயே போய்ப் படியில் நின்றார்கள். கடைக்காரர் கதவைத் தூக்கியதும், மேஜைமேல் அவர்கள் வைத்த கருகிய டிஸ்க்கையும் பழைய கேபிளையும் பார்த்தார். முகம் மாறியது.

"அதான் இதே கம்பெனியான்னு கேட்டேனே."

"கேட்டீங்க," என்றான் கொழுந்தன். "நான்தான் சொல்லலை."

"அச்சு ஒண்ணா இருக்கும். உள்ள கம்பி போற வரிசையை அவனவன் இஷ்டத்துக்குப் போட்டுக்கறான்." டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "இதுலேர்ந்து மீட்கிற ஆளுங்க இருக்காங்க. அவங்க கேக்கறதுக்கு நீ இன்னொரு மெஷினே வாங்கிடலாம்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "நானும் போனை அப்புறம் எடுத்திருக்கலாம்," என்றார்.

அவளுக்கு இன்றைக்கே கேபிள் வேண்டும். கேபிள் புதன்கிழமைதான். அப்படியானால் முழுக் கேபிள்களோடு புது பவர் சப்ளை வாங்க வேண்டும். நேற்றுக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். மீதிப் பணத்துக்கு?

"கார்டு?" என்றான் கொழுந்தன்.

"பிரிச்சு மாட்டிட்டீங்க. பாதி விலைக்குத்தான் எடுப்பேன்."

அவன் வெளியே போனான். அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். அவன் ஆட்டோவிலிருந்து மானிட்டர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். காலையில் அதை ஏற்றியபோதே அவள் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஒட்டின நாடாகூடக் கிழியாத பெட்டி. கிடங்கில் தூக்குவதுபோல முட்டியை மடித்துத் தூக்கி, உள்ளே கொண்டுபோய், மேஜைமேல் வைத்தான்.

"இதை எடுத்துக்குங்கண்ணே. ஒரு பவர் சப்ளை. அப்புறம் அண்ணி நேத்து கேட்டாங்களே, அந்த ரெண்டாவது டிஸ்க்."

"தம்பி..."

"பழைய திரையிலேயே ஆடறேன். இவ்வளவு நாள் அதுலதானே ஆடினேன்."

வேண்டாம் என்று சொல்லும் இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். டிஸ்க் வேண்டும். அவளுக்கு அது வேண்டும்.

வீட்டில் அவனே எல்லாவற்றையும் மறுபடி மாட்டினான். இந்தத் தடவை ஒவ்வொரு கேபிளையும் செருகுமுன் அதில் அச்சடித்திருந்த பெயரை வாய்விட்டுப் படித்தான். பவர் சப்ளையின் பெயரையும் படித்தான். அத்தை ஜன்னலோரத்திலிருந்து "சரிதான், சரிதான்" என்று விளங்கினவர்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் புது டிஸ்க் தனியாக ஓடியது. நின்று பார்த்தார்கள். சத்தமில்லை, நாற்றமில்லை. நிறுத்தினான்.

அவன் கையை நீட்டவில்லை. அவளே துண்டைப் பிரித்து, டிஸ்க்கை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான்.

"நேத்து ராத்திரி யோசிச்சேன் அண்ணி," என்றான் டிஸ்க்கைப் பார்த்தபடி. "என்னுது போச்சுன்னா நான் திரும்ப ஆடிக்கலாம். ஜெயிக்கிறேனோ இல்லையோ, ஆட முடியும். இது திரும்ப விழாது."

"நேத்து அதை நினைச்சா உன்னுதை மாட்டினே?"

"இல்ல. நேத்து கோபம்தான்."

செருகினான். பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

விசிறி சுழன்றது. அவளுடைய டிஸ்க் கிர்ரென்று, பழக்கமான சத்தத்தோடு விழித்தது.

எதையும் திறந்து பார்க்கவில்லை. முதலில் காப்பி. பச்சைக் கோடு ஊர்ந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். பாதியில் அத்தை, "இவ்வளவு மெதுவாப் போகவா இவ்வளவு செலவு?" என்றார். கொழுந்தன் சிரித்துவிட்டான். நேற்றிலிருந்து முதல் தடவை. கோடு முடிந்து மறைந்தது. இப்போது புகைபோக்கி இரண்டு இடத்தில் நின்றது.

அவள் புது டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டர் திறந்தாள். பெயர் கேட்டுக் கட்டம் மினுக்கியது. அவன் பக்கம் திரும்பினாள்.

"பாதி இடம் உனக்கு. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு. ஆடி முடிக்க முடிக்க இதுலயும் ஒரு காப்பி போடு. திங்கட்கிழமை சாயங்காலத்துலேர்ந்து உட்கார்ந்து வெட்டறேன்."

"இப்ப காலியாத்தானே இருக்கு. என்ன பேர் வைக்கறது?"

"உன் பேர்தான்."

தட்டினாள். பிறகு நான்கு கேமராக்களையும் திரையில் இழுத்துப் போட்டு, ஓடவிட்டாள்.

சங்கு ஊதியது. பறவைகள் கலைந்தன. வெடிகள் புகை கக்கின. தூண் சாய்ந்தது. அவள் தோள்கள் வழக்கம்போல இறுகின. பாதிச் சாய்வு. அது நிற்கவில்லை. நடுவில் ஒடிந்து, இரண்டு துண்டாகி, மேல்துண்டு கொஞ்சம் தயங்கினாற்போல இருந்துவிட்டுக் கீழ்த்துண்டைப் பின்தொடர்ந்தது. அப்புறம்தான் தூசி.

ஒடிகிறது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

"நடுவுல ஒடியுதே," என்றான் கொழுந்தன்.

"ஆமாம். அங்கதான் வெட்டணும்."

அவள் படத்தைப் பின்னோக்கி இழுத்தாள். தூசி சுருங்கியது. செங்கற்கள் ஏறின. இரண்டு துண்டும் ஒன்றாகின. புகைபோக்கி எழுந்து நேராக நின்றது.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கருகிய டிஸ்க் இன்னும் அவன் சட்டைப் பையில் இருந்தது. பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஓட விடுங்க அண்ணி," என்றான்.

விட்டாள்.